மூன்றங்குலக் குழாய்

பிடியை விட்டால் எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். விரல்கள் மரத்துப்போக, வியர்வை கண்ணுக்குள் இறங்க, பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரமாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

தொங்கியது ஏதோ மலையுச்சியில் அல்ல, மாமனார் காரின் திறந்த பானெட்டுக்குள். வலது கை மணிக்கட்டு வரை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் மாட்டியிருந்தது. விரலிடுக்கில் ஒரு சின்ன நட்டு.

விரலை நீட்டினால் கை வெளியே வந்துவிடும், ஆனால் நட்டு சறுக்கிக்கொண்டு நேரே எஞ்சினின் வாய்க்குள் போய்விடும். விரலை மடக்கினால் நட்டு பத்திரம், கைதான் வராது. அந்த வாயை மூடியிருந்த தட்டைத் துடைப்பதற்காகக் கம்பி கட்டித் திறந்து வைத்தவரும் இவரேதான். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

எல்லாம் ஒரு மேட்டில் ஆரம்பித்தது. போன மாதம் குடும்பமே காரில் போகும்போது மேடு ஏற முடியாமல் வண்டி இரைத்தது. எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக ஒரு குழாயை வைத்தால் இழுவை கூடும் என்று மாப்பிள்ளை வாயைக் கொடுத்தார்.

நாற்பது வருடம் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாற்காலி தேய்க்கிறவங்க எல்லாம் எஞ்சினுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாங்க," என்றார். மாமியார் சிரித்தார். கட்டிய மனைவியும் சேர்ந்து சிரித்ததுதான் இவருக்குத் தாங்கவில்லை.

ஆனாலும் பேசாமல் இருந்தார். வேலை போனபோது ஆறு மாதம் என்று சொல்லி மாமனார் வீட்டு மாடிக்கு வந்தவர்கள், இரண்டு வருடமாகியும் இறங்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட மாமனாரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் செய்யக்கூடியது மூச்சு விடுவது ஒன்றுதான்.

பத்து நாளைக்கு முன், தன்னைக் கேட்காமல் யாரும் காரைத் தொடக்கூடாது என்று மாமனார் உத்தரவு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் குத்தல் தனக்குத்தான் என்று மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. செய்தே காட்டிவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

இன்று காலை மாமனார் முட்டிவலிக்கு மருந்து வாங்க நொண்டி நொண்டிப் போய் பஸ் ஏறினார். அவர் தலை மறைந்ததும் மனைவியிடமிருந்த மாற்றுச் சாவியோடு மாப்பிள்ளை ஷெட்டுக்குள் நுழைந்தார்.

நேரமும் கூடி வந்தது போலத்தான் இருந்தது. எங்கே போய் வாங்குவது என்று யோசித்த மூன்றங்குலக் குழாய், மூலையில் சாக்குக்கு அடியிலேயே கிடந்தது. அளவெடுத்து அறுத்தது மாதிரி நீளம், விளிம்பில் அரம்கூடப் போட்டிருந்தது. தனக்கும் ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டே பொருத்தினார். கடைசி நட்டைப் போடும்போதுதான் அது கை நழுவிக் குழாய்க்குள் விழுந்தது. 'ஐயோ' என்று கத்திக்கொண்டே கையை உள்ளே விட்டு விரலிடுக்கில் பிடித்தார், கை மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு வந்த மனைவி பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றட்டுமா என்றாள். அதுவும் எஞ்சினுக்குள்தான் போகும் என்றார். கிளாம்ப்பையாவது கழற்றுகிறேன் என்று ஸ்க்ரூடிரைவரை வைத்தாள். குழாய் ஆடிய ஆட்டத்தில் நட்டு ஒரு நூல் அளவு நழுவியது. அப்படியே விட்டுவிட்டாள்.

"நான்தான் கழட்டினேன்னு அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"நம்புவாரா?"

"மாட்டாரு."

இந்த எஞ்சின் போனால் இந்த வீடும் போச்சு என்று இருவருக்கும் தெரியும். கையில் வேலையில்லாமல், தெருவில் நின்று யாரிடம் போய் இடம் கேட்பது என்று நினைத்தபோது மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கேட் திறந்தது. மருந்துப் பையோடு நொண்டிக்கொண்டு வந்த மாமனார் ஷெட்டு வாசலில் அப்படியே நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

மகளை வீட்டுக்குள் போகச் சொன்னார். அவள் தயங்கவும், குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை சொன்னார். அவள் போனதும் ஷெட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

மாப்பிள்ளையால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, கைகூப்பி மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கை ஒன்றுதான் இருக்கிறது.

"இந்தக் குழாய் எங்க கிடந்துச்சு?" என்று மாமனார் கேட்டார்.

"மூலையில, மாமா. சாக்குக்கு அடியில."

மாமனார் கண்ணை மூடித் திறந்தார். ஜன்னல் வழியாகச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுக்குத் தயாராக மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"கையை எடுங்க."

"எடுத்தா நட்டு உள்ள விழுந்துடும், மாமா."

மாமனார் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"விழட்டும் மாப்பிள்ளை. உள்ள ஏற்கெனவே ஒண்ணு கிடக்கு."