வட்டமாகப் போட்ட கையெழுத்துகள்
கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் கேண்டீனில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. பிள்ளைகளின் குட்டை பெஞ்சில், மேசையில் முழங்கால் இடிக்க, மற்ற பெற்றோரோடு உட்கார்ந்திருக்கிறாள் பெனடிக்டா. ஆசிரியர்களை ஒவ்வொருவராக விரட்டியடித்த பிரின்சிபலைப் பற்றிப் பெற்றோர் எழுதிய கடிதம், நிர்வாகக் குழுத் தலைவரான ஃபாதரின் கையில் மின்விசிறிக் காற்றுக்குப் படபடக்கிறது. முதலில் கையெழுத்துப் போட்டவர் யாரென்று தெரிந்தால் அவர் பிள்ளையின் பாடு திண்டாட்டம் என்று பயந்து, எல்லாரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த டெர்முக்குப் புது பிரின்சிபல் வருகிறார் என்கிறார் ஃபாதர். பெனடிக்டாவுக்கு அப்பாடா என்றிருக்கிறது. "நான்தான் லா முதல்ல சைன் பண்ணேன்!" என்று எழுந்தே விடுகிறார் இருதயராஜ். "இல்லண்ணே, நான்தான்!" என்கிறாள் நிவேதிதா. வேறு யாரும் கையெழுத்திடாத தாளில் தான் போட்ட கையெழுத்து, வட்டத்துக்குள் இன்னும் கோணலாகத் தெரிகிறது பெனடிக்டாவுக்கு. "ஆமா லா, நீங்கதான்" என்று இருவருக்கும் தலையாட்டுகிறாள்.