மாடத்தியின் ஓட்டு

உப்பளத் தொழிலாளர்களுக்காக இருபது வருடம் அலைந்த ஜெபராணி, நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். ஓட்டுக் கேட்டு வந்தவளிடமிருந்து, உப்பளத்தில் வேலை பார்த்தே கண் மங்கிப்போன மாடத்தி நோட்டீஸை வாங்கவில்லை.

“உனக்குப் போட மாட்டேன், தாயி. நீ டெல்லிக்குப் போயிட்டன்னா என்னைய கண்ணாஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா?”

ஜெபராணி, வெயிலில் கூசிச் சுருங்கியிருந்த அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆபரேஷன் என்னைக்குக்கா?”

“ஓட்டு எண்ணுத அன்னைக்கு.”

அன்று காலை மற்ற வேட்பாளர்கள் எல்லோரும் எண்ணும் மையத்தில் இருந்தார்கள். ஜெபராணி ஆஸ்பத்திரி வராந்தாவில், மாடத்தியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பைக்குள் போன் விடாமல் அடித்தது.

“எடுத்துத்தான் பேசேன்ளா,” என்றாள் மாடத்தி. “நானும் உனக்குத்தான் போட்டேன்.”