பெயர் நீக்கும் வேலை

பதிவை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

இருபது நொடி பின்னால் போனாள். அதே குரல். அதே பெயர்.

சமூக ஆய்வாளர்களுக்கான மின்னணு ஆவணக் காப்பகத்தில் ஒன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பழைய பேட்டிகளைக் கேட்பாள். பேச்சுவாக்கில் வந்து விழும் மற்றவர்களின் பெயர்களை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன 'பீப்' வைப்பாள். அதற்குப் பிறகுதான் பேட்டி, அதன் எழுத்து வடிவத்தோடு, இணையத்தில் ஏறும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆய்வில் மேற்கோள் காட்டலாம்.

புருஷன்மார், மாமியார்கள், மேஸ்திரிகள் என்று இதுவரை ஆயிரக்கணக்கான பெயர்களை வெட்டிப் போட்டிருக்கிறாள். ஒருமுறைகூடக் கை நின்றதில்லை.

இது நாற்பத்தொன்றாம் பேட்டி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு பெண்கள் தொடங்க இருந்த வேலைநிறுத்தத்தைப் பற்றியது. பேசியவர் அங்கே துணி மடித்தவர். தான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்திருந்தார்.

போன மாதம் அவர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது.

வேலைநிறுத்தத்துக்கு முதல்நாளே முன்னணியில் நின்ற மூன்று பெண்களை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதோடு எல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. யாரோ உள்ளிருந்தே காட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"மூணு பேரையும் சீட்டுல எழுதிக் குடுத்தது நான்தான்," என்றது குரல். "பழி விழுந்தது அவ மேல. குழந்தைக்குக் காய்ச்சல்னு லீவு கேக்க ஆபீசுக்குள்ள போயிருந்தா, பாவம். போனவதான் சொல்லியிருப்பான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க."

பிறகு அந்தப் பெயர். முழுப் பெயர், தெள்ளத்தெளிவாக. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அதையே செல்லமாகச் சுருக்கி இன்னொரு தரம்.

"அதுக்கப்புறம் பஸ்ஸுல அவ பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. நானும் உக்காரல."

இரண்டு தரமும் சேர்த்து மூன்று நொடி. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். பழி சுமந்தவள் யாரோ ஒருத்தியாகிவிடுவாள். பழி மட்டும் ஊர் வாயில் பழைய பெயரிலேயே இருக்கும்.

எழுந்து பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "நல்லதுக்கு வந்தாலும் கெட்டதுக்கு வந்தாலும் மூணாம் மனுஷங்க பேரை வெட்டித்தான் ஆகணும்மா. அவங்களே சரின்னு எழுதிக் குடுத்தா விட்டுடலாம். ஆனா அத்தனை வருஷத்துக்கு முந்தின ஆளை எங்கன்னு போய்த் தேடுவ?"

"விசாரிச்சுப் பாக்கறேன் சார்."

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இந்த ஒன்பது வருடத்தில் அவள் யாரையும் விசாரித்ததில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னல் ஓரமாக நின்று போனை எடுத்தாள். விசாரிக்க ஒன்றுமில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

"அம்மா," என்றாள்.

அதற்குமேல் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சிறு வயதில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏன் தன்னோடு விளையாட வரமாட்டார்கள் என்பது, கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு அத்தை வாய் தவறிச் சொல்லி அவளுக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகும் அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஆபீஸ் பாஷையில், பேட்டி எண், கோப்பு எண் எல்லாம் சொல்லி ஆரம்பித்தாள். எப்படியோ சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"அவ வாயாலயே சொன்னாளா?"

"ஆமாம்மா."

"அழுதாளா?"

அழவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம்," என்றாள்.

"அவ பேரு அதுல வருமா?"

"வராதும்மா. நாப்பத்தொண்ணுன்னு நம்பர் மட்டும்தான்."

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி. லீவு கேக்கப் போனப்ப சூப்பர்வைசர் கைக்கு அடியில ஒரு சீட்டு இருந்துச்சு. அவ எழுத்து எனக்குத் தெரியாதா? மூணு பேரை வெளிய அனுப்பின பிறகுதான் அது என்ன சீட்டுன்னு புரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா வாயே திறக்கல? முப்பத்திரெண்டு வருஷம்!"

"அவ புருஷன் படுத்த படுக்கை. மூணும் சின்னப் புள்ளைங்க. எனக்காவது சொல்லி அழ உங்க அப்பா இருந்தாரு."

கீழே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். இனி கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பெயரை எடுத்துவிடவா, விட்டுவைக்கவா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா.

இருக்கட்டும் விடு, இனிமே எதுக்கு என்கிறாளா? பெயர் இருக்கட்டும் என்கிறாளா? எத்தனையோ வருடமாக எதற்கெடுத்தாலும் அம்மா சொல்கிற வார்த்தை அது. இவள் காத்திருந்தாள்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எழுத்துல போடறப்ப இனிஷியலையும் சேத்துப் போடு. வேற யாரோன்னு நினைச்சுடப் போறாங்க."