சாட்சிக் கையெழுத்து

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, குட்டிக் கதைதான்.

கண்ணுக்குத் தெரியாத தங்கத்துகள் செய்யும் வேதியியல்காரி ஒருத்தி. அவளது ஆய்வகக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இன்னொருவர் "பார்த்தேன்" என்று கையெழுத்திட வேண்டும். உடன் வேலைபார்த்த அவள் கணவர்தான் போடுவார். அவர் காலமாகி ஆறு மாதம்.

"சாட்சி இல்லாத பக்கம் செல்லாதும்மா, ஆறு மாச உழைப்பும் வீண்," என்றார் தொலைபேசியில் மேலாளர்.

"கூட யாரு சார் இருக்கா, சுவரா?" என்றபடி ஏட்டைப் பிரித்தாள்.

கணவர் போனபின் எழுதிய எல்லாப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இருந்தது. இன்றைய பக்கத்தில் மட்டும் இல்லை. அங்கே அவள் குறித்த எடையருகே அவருடைய கிறுக்கல்: "மூணு இல்ல, எட்டு. கண்ணாடியப் போடுடி."

கண்ணாடியைப் போட்டுத் தராசைப் பார்த்தாள். எட்டுதான். திருத்தினாள். பேனாவை மூடாமல் ஏட்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் பிழை சொல்ல ஓர் ஆள் என்றைக்கும் இருக்கட்டும்.