வலது கை

“சுட்டதைக்கூட விடு. குழந்தையை எதுக்குடா பிடிச்சான்?”

டிராம் ஏறி ஏக்ஸ் நகர நீதிமன்றத்துக்குப் போன மூன்று நாளும் யெகியா இதையேதான் புலம்பினான். பிரான்சின் மார்செய் துறைமுக நகரில் நிஷானும் அவனும் ஒரே கடையில் செருப்புத் தைப்பவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நிஷான் சுட்டுக் கொன்றது ஃபெய்யாஸ் என்ற பழைய துருக்கி அதிகாரியை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், துருக்கியில், எங்கள் ஊர் ஆர்மீனியர்களை மொத்தமாகப் பாலைவனத்துக்கு நடக்கவிட்டவன். வழியிலேயே ஆம்பிளைகளை வெட்டச் சொல்லிவிட்டு, குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் இப்போது மார்செய்க்கே வந்து, பெண்டாட்டி பிள்ளையோடு துறைமுகத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் நீதிபதி கேட்டார்: “உன் அப்பாவை வெட்டினதை நீ பார்த்தியா?”

“பாத்தேங்க ஐயா. எனக்கு அப்போ பத்து வயசு. அம்மா இடுப்புல ஒரு குழந்தை, முதுகுல மூட்டை. என் முகத்தைத் திருப்ப அவகிட்ட கை மிச்சமில்லை. எல்லாத்தையும் பாத்தேன். இப்பவும் கண்ணை மூடினா அதுதான் தெரியுது.”

ஜூரியில் இருந்த ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். நல்ல சகுனம் என்றே நினைத்தோம்.

மறுநாள் துறைமுகத்து ரொட்டிக்கடைக்காரன் ஒருவன் சாட்சி சொல்ல வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டான்.

“இடது கையில துப்பாக்கி. வலது கையால அந்தச் சின்னப் பொண்ணைத் தன்னோட சேத்து இறுக்கிப் பிடிச்சிருந்தான். நான் அவனுக்கு முதுகுப் பக்கம் நின்னேன். அவ்வளவுதான் தெரிஞ்சுது.”

அரசு வக்கீல் ஜூரி பன்னிரண்டு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“அஞ்சு வயசுக் குழந்தையைக் கேடயமா வச்சுக்கிட்டுச் சுட்டிருக்கான். இவனுக்காகவா மூக்கைச் சிந்தறீங்க?”

கிழவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் முகம் இறுகியதைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. இனி நிஷானுக்குக் கில்லட்டின்தான்.

“குழந்தை மேல உன் கை இருந்துச்சா, இல்லையா?” என்றார் நீதிபதி.

“இருந்துச்சுங்க.”

“எதுக்கு?”

நிஷான் தரையைப் பார்த்தான்.

“சொல்லு. உன் தலையைப் பத்தின கேள்வி இது.”

நிஷான் உதட்டை இறுக்கிக்கொண்டான்.

“செருப்புக்கு அடிக்கிற ஆணியை வாயில வச்சிருக்கிற மாதிரியே நிக்கிறான் பாரு. துப்பித் தொலையேன்டா!” என்று என் காதருகில் பல்லைக் கடித்தான் யெகியா.

பெஞ்சில் இருந்த எங்கள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பழிவாங்கியதில் எங்களுக்கு வெட்கமில்லை. ஒரு குழந்தைக்குப் பின்னால் ஒளிந்தான் என்பதுதான் தாங்கவில்லை.

மூன்றாம் நாள், செத்தவனின் மனைவி மெலிஹா சாட்சிக் கூண்டில் ஏறினாள். கறுப்பு உடை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“முடிஞ்சுது போ” என்றான் யெகியா.

அவள் துருக்கி மொழியில் பேசினாள்.

“என் புருஷனை இவன் கொன்னான். நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல, அரசு வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார்.

“உங்க மகளை இவன் எப்படிப் பிடிச்சிருந்தான், அதைச் சொல்லுங்கம்மா.”

அவள் நிஷானைப் பார்த்தாள். அப்புறம் கடகடவென்று சொல்லி முடித்தாள்.

எங்கள் பக்கத்து ஜனத்துக்கு வீட்டிலேயே துருக்கிதான் பேச்சு. அதனால் நீதிபதிக்கு முன்னால் எங்களுக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்களோடு வந்திருந்த பாதிரியார் எழுந்து நின்றுவிட்டார். யெகியா என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

“என்ன சொன்னாங்க? என்ன சொன்னாங்க?” என்றார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளரும் எங்களவர்தான். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னார்:

“‘என் பொண்ணு பேரால பொய் சொல்ல மாட்டேன். இவன் அவளைக் கேடயமாப் பிடிக்கலை. அவ கண்ணைப் பொத்தினான். பொத்தின அப்புறம்தான் சுட்டான். நான் புருஷன் மேல விழுந்து கதறி முடிச்சு, பொண்ணு ஞாபகம் வந்து எழுந்திருக்கிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. ஓடியிருந்தா தப்பிச்சிருப்பான். ஓடலை. கண்ணாமூச்சின்னு நினைச்சு அவ இன்னும் அப்பாவைத் தேடிட்டிருக்கா.’”

ஜூரி உள்ளே போய் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. விடுதலை.

வாசலில் எல்லாரும் நிஷானைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். யெகியா மட்டும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“தலை போயிருக்கும்டா, கழுதை! இதை முதல் நாளே சொல்லித் தொலைச்சா என்ன?”

நிஷான் சட்டையை விடுவித்துக்கொண்டான்.

“சொன்னா, அந்தக் குழந்தையைக் கூண்டுல ஏத்தி ‘என்னம்மா பாத்தே?’ன்னு கேட்டிருப்பாங்க. அவ எதையும் பாக்கக் கூடாதுன்னுதானே பொத்தினேன்?”