பூசணி

"எல்லாத்தையும் குடுங்க பாய்."

சம்சு பாய் தராசை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாமா? எதுக்கும்மா இத்தனை பூசணி?"

இந்திராணி ஒவ்வொன்றாகத் தூக்கித் தானே ஆட்டோவில் வைத்தாள். கடைசிக் காய் சாம்பல் பூத்துப் பெரிதாக இருந்தது. அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக் கோமளாவுக்கு மட்டும் வாய் நிற்கவில்லை.

"என்னக்கா, ஊருக்கே மோர்க்குழம்பா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு இன்று என்ன நாள் என்று உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று விமானம் வருகிறது. மறுபடியும்.

வெள்ளைக்காரன் சண்டைக்காக எங்கள் ஊரில் ஓடுபாதை போட்டான். சண்டை முடிந்தது, பாதை மிஞ்சியது. அதில் நெல் காய்ந்தது. ஆடு மேய்ந்தது. பாதி ஊர் சைக்கிள் பழகி முட்டியைப் பேர்த்துக்கொண்டது. தேர்தலுக்குத் தேர்தல் விமானமும் வந்தது, மேடையில்.

ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டது.

பத்துப் பதினைந்து பேர் உட்காருகிற சின்ன விமானம். முதல் மாதம் முழுக்க ஊருக்குக் கழுத்து வலி.

இந்திராணியின் மகள் கோதை சென்னையில் வேலை பார்த்தாள். பொங்கலுக்கு விமானத்தில் வருகிறேன் என்றாள். எங்கள் தெருவில் முதல் ஆள். இந்திராணி அதைப் பால்காரரிடம் சொன்னாள், கேஸ் கொண்டுவந்தவரிடம் சொன்னாள், தெரியாமல் வேறு யாருக்கோ அடித்துவிட்ட போனிலும் சொன்னாள்.

தெரு முழுக்கச் சந்தோஷப்பட்டது. தெருவின் சந்தோஷத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

புது வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதில்லையா? இத்தனை கண் பட்ட விமானத்துக்கு எலுமிச்சம்பழம் போதுமா?

ஓடுபாதை வேலியில் ஆடு நுழைகிற சந்து ஒன்று இருந்தது. கோதை வருகிற அன்று இந்திராணி அதில் நுழைந்தாள்.

பூசணியில் குங்குமத்தை நிறையவே கொட்டியிருந்தாள். தலைக்கு மேல் தூக்கி, ஓடுபாதையின் நட்டநடுவில் போட்டாள். நன்றாகச் சிதறியது. நன்றாகச் சிதறினால் நல்லது.

வீட்டுக்கு ஓடிவந்து மாடி ஏறினாள்.

விமானம் தாழ வந்தது. இறங்கவில்லை. ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றில் அவள் துண்டை எடுத்து வீசினாள். தெருவே கை ஆட்டியது. மகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று இந்திராணி கோமளாவிடம் சொன்னாள்.

பிறகு அது மேற்கே போய்ச் சின்னதாகிவிட்டது.

திருச்சியில் இறங்கிக் கோதை போன் பண்ணினாள். ஒரே சிரிப்பு.

"அம்மா, நம்ம மாடி தெரிஞ்சுச்சும்மா! கொடியில உன் மஞ்சப் புடவைகூடத் தெரிஞ்சுச்சு. எவனோ ரன்வேல பூசணிக்கா ஒடச்சு வச்சிருக்கானாம். செவப்பா கெடக்கவும் பைலட் பயந்துட்டாராம். என்ன ஊரும்மா நம்ம ஊரு!"

"அப்படியா," என்றாள் இந்திராணி.

"கார் புடிச்சு வந்துர்றேன். சோறு வச்சிரு."

வைத்திருந்தாள்.

கார் வரவில்லை. லாரிக்காரரும் தூங்கவில்லை, கார்க்காரரும் தூங்கவில்லை, குறுக்கே ஒரு மாடு வந்தது என்றார்கள், கோதையின் உடலைக் கொண்டுவந்தவர்கள்.

பூசணியை உடைத்தது யார் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். இன்றுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் நடந்த ஒரே அதிசயம் அதுதான்.

விமானம் அதன் பிறகும் சில மாதங்கள் வந்தது. வருகிற நேரத்துக்கு முன்னால் இந்திராணி வேலி ஓரமாக நடப்பாள். தரையில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்தபடியே நடப்பாள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்றாள். எந்த டாக்டர் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆள் ஏறவில்லை என்று விமானத்தை நிறுத்தினார்கள். அவளும் நடப்பதை நிறுத்தினாள்.

இன்று யார் உடைக்கவும் கடையில் ஒரு பூசணி இல்லை; எல்லாம் இந்திராணியின் அடுப்படியில் வரிசையாக இருந்தன. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டது.

தெரு மொத்தமும் மாடியில். பிள்ளைகள் கத்தினார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. பெரிய பூசணியை இழுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

சத்தம் கூரைக்கு மேல் வந்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. கடந்து போனது.

திரும்பி வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வரவில்லை.

இறங்கிவிட்டது.

மாடியிலிருந்து கோமளா அப்போதுதான் இந்தப் பக்கம் பார்த்தாள். இந்திராணி வீட்டுக் கொடியில் ஒரு மஞ்சள் புடவை, முழு நீளத்துக்கு விரித்து, நாலு இடத்தில் கிளிப் மாட்டியிருந்தது.

துவைத்த மாதிரி தெரியவில்லை. பெட்டியில் இருந்த மடிப்பு அப்படியே இருந்தது.