கடலைக் கொடியும் கடும் பகையும்

"எவன்டா என் வயித்துல அடிச்சவன்?"

பரஞ்சோதி போட்ட சத்தத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் பறந்து ஓடின.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷன். பிறகு மனைவியோடு மகள் வீட்டில் ஓய்வு. பன்னிரண்டு நாள் கழித்து, கையில் தடியோடு இப்போதுதான் காரை விட்டு இறங்கினார். வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராகப் பின்னால் இருந்த திராட்சைத் தோட்டத்துக்கு வந்தார்.

அரை ஏக்கர். சரிவான நிலம். பந்தலுக்குக் கீழே தரையே தெரியாமல் பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்த கடலைக் கொடியில் ஓர் இலைகூட மிச்சம் இல்லை. வெறும் செம்மண் பல்லைக் காட்டியது.

"ரெண்டு வருஷம், நளினி! மழையில மண்ணு ஓடாம புடிச்சு வச்சிருந்துச்சு. புல் மருந்து அடிக்கிற வேலையே இல்லாம இருந்துச்சு. வர்ற வியாழக்கிழமை விவசாய இலாகா அதிகாரி முப்பது பேரக் கூட்டிக்கிட்டு இந்தக் கொடியப் பாக்க வர்றாரு. இந்த மொட்டையவா காட்டுறது?"

"மாடு மேஞ்சிருக்கும்லா" என்றாள் மனைவி நளினி.

"மாடு சங்கோல் மண்வெட்டி வச்சு வேரைத் தோண்டுமா? நல்லாப் பாரு. ஒவ்வொரு திராட்சைத் தண்டையும் சுத்தி மண்ணு அணைச்சிருக்கான். ஒரு குலைகூட உதிரல. எவ்வளவு நிதானமா, எவ்வளவு வன்மத்தோட செஞ்சிருக்கான்!"

"வன்மம் உள்ளவன் குலையை விட்டு வைப்பானா?"

"அதுதாண்டி தந்திரம்! எல்லாம் உங்கண்ணன் வேலை!"

நளினியின் அண்ணன் ராமையா அடுத்த சந்தில்தான் இருந்தார். ஆனால் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை.

மகள் கல்யாணத்தன்று, முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த ராமையாவை, திடீரென்று வந்து நின்ற தொகுதி ஒய்.பி.க்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு, இடம் கொடுக்கச் சொல்லி எழுப்பிவிட்டார் பரஞ்சோதி. எழுந்த ராமையா கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போய்விட்டார். 'தாய்மாமனை இலையிலிருந்து எழுப்பியவன்' என்று ராமையாவுக்கு ஆத்திரம். 'பாதியில் எழுந்து போய் சபையில் என் மானத்தை வாங்கியவன்' என்று பரஞ்சோதிக்கு ஆத்திரம். அன்றிலிருந்து தீபாவளிக்கு முறுக்குத் தட்டுகூட வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. பகை என்றால் அப்படி ஒரு பகை.

தடியை ஊன்றிக்கொண்டு பரஞ்சோதி கிளம்பினார். நளினி பின்னாலேயே ஓடினாள்.

ராமையா வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பிரேமாவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நளினி, என் தோட்டத்துல கை வச்சது யாருன்னு உங்கண்ணன்கிட்ட கேளு" என்றார் பரஞ்சோதி, மோட்டாரைப் பார்த்துக்கொண்டு.

"பிரேமா, நான்தான்னு என் தங்கச்சி வீட்டுக்காரருகிட்ட சொல்லு" என்றார் ராமையா, தலையைத் தூக்காமல்.

பரஞ்சோதி திகைத்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நாலு கேள்வியும் வீணாகப் போனது.

"எவ்வளவு திமிரு பாத்தியா, நளினி!"

"சுத்தமா இருந்துச்சான்னு கேளு, பிரேமா."

அந்தக் குத்தலில் பரஞ்சோதிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"சுத்தமா? அது நான் தண்ணி ஊத்தி வளத்த கொடின்னு சொல்லு! காச்சாங் பிந்தோ! மண்ணைக் காக்குறதுக்குன்னே இலாகாவுல கொடுத்த கடலை நாத்து! அது போனதுல இந்த மழைக்கு என் மண்ணு பூரா ரோட்டுக்கு வந்துரும்னு சொல்லு!"

ராமையாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. முகம் வெளுத்தது. பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார் பரஞ்சோதி.

ராமையா தொண்டையைச் செருமினார்.

"தெரிஞ்சுதான் புடுங்குனேன்னு சொல்லு, பிரேமா. ஒம்பது வருஷப் பகை. சும்மா விடுவனா?"

"அண்ணே!" என்று அலறினாள் நளினி.

"கேட்டுக்கிட்டியா? அவரு வாயாலயே சொல்லிட்டாரு!" பரஞ்சோதி கைப்பேசியை எடுத்தார். "இப்பவே போலீசுல ரிப்போட் கொடுக்கறேன். கோர்ட்டுல வந்து பேசிக்கட்டும்."

பிரேமாவதி கையிலிருந்த ஈரத்துணியைத் தொப்பென்று வாளியில் போட்டாள்.

"போனக் கீழ வைங்கண்ணே! பகையாம், பகை! 'முட்டியக் கிழிச்சுக்கிட்டு வர்றவன் எப்படிக் குனிஞ்சு களை எடுப்பான், தோட்டம் காடா கெடக்கே'ன்னு மூணு நாளா வெயில்ல கெடந்து புடுங்குனாரு இந்த மனுசன். முப்பது வருஷம் எஸ்டேட்டுல களை வெட்டுனவரு. மரத்தடியில பச்சை தெரிஞ்சா கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனவரு. அவருக்கு எது கொடி, எது களைன்னு என்ன தெரியும்? இடுப்புக்குத் தைலம் தேச்சே என் கை ஓஞ்சு போச்சு. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வேற. நேத்துப் புடுங்குனதெல்லாம் கொல்லையில இன்னும் வாடாம கெடக்கு. ஊன்றுனா புடிக்குமான்னு போய்ப் பாருங்க!"

பரஞ்சோதியின் விரல் கைப்பேசி மேலேயே நின்றது.

ராமையாவின் முகம் சிவந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, நடுவில் யாரையும் வைக்காமல், பரஞ்சோதியை நேருக்கு நேர் பார்த்துக் கத்தினார்.

"மாப்பிள்ளை, இவ புளுகுறா! பகைக்குத்தான் புடுங்குனேன்! நீங்க போலீசுக்குப் போனைப் போடுங்க!"